பைலாவைத் திருத்த உட்காரும் முன்: ராயல் சொசைட்டியின் விதிப் புத்தகம் காட்டும் வழி

சங்க விதிகளைத் திருத்தக் கூடும் குழுவில் முதல் நாளே எழும் கேள்வி, ‘இந்தப் பிரிவை எப்படி மாற்றி எழுதலாம்?’ என்பதுதான். அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: ‘இந்தப் பிரிவு இருக்க வேண்டிய இடம் இதுதானா?’ சந்தாத் தொகையைச் சங்கத்தின் நோக்கங்களுக்குப் பக்கத்திலேயே எழுதிவைத்த சங்கம், சந்தாவை ஐம்பது ரூபாய் உயர்த்துவதற்கும் பொதுக்குழுவைக் கூட்டி, சிறப்புத் தீர்மானம் போட்டு, பதிவாளர் அலுவலகப் படியேற வேண்டியிருக்கும். தலைவர் எத்தனை ஆண்டு இருக்கலாம் என்று எங்குமே எழுதாத சங்கம், ஒருவரே இருபது ஆண்டு இருந்த பிறகுதான் அந்தக் குறையைக் கவனிக்கும். அப்போது எழுதப்படும் விதி அவர் ஒருவரைக் குறிவைத்ததாகவே எல்லோர் கண்ணுக்கும் தெரியும்.

விதித் திருத்தப் பொறுப்பை ஏற்பவர்கள் பைலாவைத் தொடும் முன் லண்டன் ராயல் சொசைட்டியின் விதிகள் மாறிவந்த விதத்தை ஒருமுறை படித்துவிடுவது நல்லது. 1660இல் தொடங்கி இடையறாமல் நடந்துவரும் அறிவியல் கழகம் அது. எந்த விதி எப்போது மாறியது, எது உறுத்தியதால் மாறியது என்பதற்கு அங்கே எழுத்துச் சான்று இருக்கிறது. அவர்கள் சறுக்கிய இடங்களும் மறைக்கப்படாமல் பதிவாகியிருக்கின்றன. பாடம் கற்க அந்த இடங்கள்தான் கூடுதலாக உதவும்.

நான்கு அடுக்குகள்

1660 நவம்பர் 28 அன்று லண்டனின் கிரஷாம் கல்லூரியில் வானியல் பேராசிரியர் கிறிஸ்டோபர் ரென் உரை நிகழ்த்தினார். உரை முடிந்ததும் 12 பேர் கூடிப் பேசி, சோதனை வழி அறிவை வளர்க்க ஓர் அமைப்பு வேண்டும் என்று முடிவெடுத்தார்கள். சேரும்போது 10 ஷில்லிங், பிறகு வாரம் 1 ஷில்லிங் என்று பண ஏற்பாட்டையும் தொடக்கத்திலேயே பேசிவிட்டார்கள். அப்போது அவர்களிடம் சாசனம் (அமைப்புக்குச் சட்ட உரு தரும் அரச ஆவணம்) இல்லை. சட்டத்தின் கண்ணில் அப்படி ஓர் அமைப்பே இல்லை. கூட்டக் குறிப்பில் எழுதிய தீர்மானம் மட்டுமே இருந்தது.

மன்னர் இரண்டாம் சார்லஸின் முதல் சாசனம் 1662 ஜூலை 15இல் கிடைத்தது. அது போதவில்லை என்று தெரிந்ததும் 1663 ஏப்ரலில் இரண்டாவது சாசனம் பெறப்பட்டது. 1669இல் மூன்றாவது. அதன் பின் பெரிய அளவில் மேல் ஏடான சாசனத்தைத் தொட்டது 2012இன் துணைச் சாசனத்தில்தான். நடுவில் இருக்கும் மூன்றரை நூற்றாண்டில் கழகம் தன்னை அடியோடு மாற்றிக்கொண்டது. சாசனத்தை அசைக்காமல் அவ்வளவு மாற்றம் எப்படி முடிந்தது?

1663 சாசனம் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்று பார்த்தால் விடை தெரியும். கழகத்தின் பெயர், நோக்கம், சொத்து வைத்துக்கொள்ளவும் வழக்காடவும் உரிமை, முத்திரை, தலைவரையும் சேர்த்து 21 பேர் கொண்ட ஆட்சிக்குழு, ஆண்டுதோறும் நவம்பர் 30, புனித ஆண்ட்ரூ நாளன்று தேர்தல், அந்த 21 பேரில் 10 பேர் ஒவ்வோர் ஆண்டும் மாற வேண்டும் என்ற நிபந்தனை, விதிகள் இயற்ற ஆட்சிக்குழுவுக்கு அதிகாரம் ஆகியவை அதில் உண்டு. சந்தா எவ்வளவு, புதியவரை யார் முன்மொழிவது, எத்தனை கையெழுத்து வேண்டும் என்பவையெல்லாம் அடுத்த அடுக்கான விதிகளுக்கு விடப்பட்டன. விதிகளுக்குக் கீழே அன்றாட நடைமுறைக்கான நிலையாணைகள். அவற்றுக்கும் கீழே எழுதப்படாத வழக்கம்.

நம் சங்கங்களுக்கும் இதே நான்கு அடுக்கு உண்டு. சங்கக் குறிப்பாணை, துணைவிதிகள் (பேச்சில் பைலா), செயற்குழுத் தீர்மானங்கள், வழக்கம். தமிழ்நாட்டில் 1975ஆம் ஆண்டுச் சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ்ப் பதிவான சங்கம் என்றால், முதல் இரண்டைத் திருத்தச் சிறப்புத் தீர்மானமும் பதிவாளரிடம் தாக்கலும் வேண்டும். மூன்றாவதைச் செயற்குழு தன் கூட்டத்திலேயே மாற்றிக்கொள்ளும்.

பிரிக்கும் முறை கடினமானதன்று. பெயர், நோக்கம், சங்கம் கலைந்தால் சொத்து யாருக்கு ஆகியவை மேல் ஏடான குறிப்பாணையில் இருக்கட்டும். உறுப்பினர் வகைகள், சேர்க்கை, நீக்கம், தேர்தல், பதவிக்காலம், கோரம் (கூட்டம் செல்லுபடியாக வேண்டிய குறைந்தபட்ச வருகை) ஆகியவை பைலாவில். தொகை, விண்ணப்பப் படிவம், கூட்டம் நடக்கும் நாள், நூலக நேரம் போன்றவை தீர்மானத்தில். இங்கே பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று இருக்கிறது. தொகையைப் பைலாவிலிருந்து எடுத்துவிட்டு, அதை நிர்ணயிக்கும் அதிகாரம் யாருக்கு என்று எழுத மறந்துவிடுவார்கள். அப்புறம் செயற்குழு உயர்த்திய சந்தாவை ஓர் உறுப்பினர் கட்ட மறுத்தால் காட்டுவதற்குப் பிரிவே இருக்காது. ‘ஆண்டுச் சந்தாவைச் செயற்குழு நிர்ணயிக்கும், நடப்புத் தொகையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் உயர்த்துவதானால் பொதுக்குழுவின் ஒப்புதல் வேண்டும்’ என்பதுபோல் அதிகாரம், வரம்பு இரண்டையும் ஒரே வாக்கியத்தில் வைத்துவிடுங்கள்.

1663இன் முதல் விதித் தொகுப்பில் இன்னொரு நல்ல ஏற்பாடும் இருந்தது. எந்த விதியை இயற்றுவதானாலும் அதன் வரைவை ஆட்சிக்குழுவின் இரண்டு வெவ்வேறு நாள் கூட்டங்களில் படித்து, இரண்டு முறையும் வாக்கெடுக்க வேண்டும். இது இல்லாத சங்கங்களில், சண்டை நடந்த அன்றே சூட்டோடு சூடாகப் பைலா திருத்தம் முன்மொழியப்படுவதை அடிக்கடி பார்க்கலாம். இரண்டு வாசிப்புக்கும் நடுவில் குறைந்தது 14 நாள் இருக்கட்டும். முதல் வாசிப்பில் கண்ணில் படாத ஓட்டை இரண்டாவதில் பெரும்பாலும் தெரிந்துவிடும்.

சந்தாவும் நிலுவையும்

வாரம் 1 ஷில்லிங் என்றால் ஆண்டுக்கு 52 ஷில்லிங், அதாவது 2 பவுண்டு 12 ஷில்லிங். வாராவாரம் கூட்டத்துக்கு வரும் லண்டன்காரருக்கு அது பொருத்தம். வெளியூரில் இருப்பவருக்கு, வராத கூட்டங்களுக்கும் சேர்த்துக் கட்டுவதாக ஆனது. நிலுவை மலைபோல் குவிந்தது. 1675இல், கேம்பிரிட்ஜில் இருந்த ஐசக் நியூட்டனுக்கே வாரச் சந்தாவிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டது. பிற்பாடு 24 ஆண்டு அந்தக் கழகத்துக்குத் தலைவராக இருந்தவர் அவர். விலக்கு கொடுக்காமல் பெயரை நீக்கியிருந்தால் இழப்பு கழகத்துக்குத்தான்.

ஆனால் ஆளுக்கு ஆள் விலக்கு என்பது கழகத்தின் வரவைக் கரைக்கும் வழி. விலக்கு தர வேண்டுமானால் வகைக்குத் தர வேண்டும்: வெளியூர் உறுப்பினர், மாணவர், ஓய்வு பெற்றவர் என்று. தனியாளுக்குத் தர நேர்ந்தால் காரணமும் முடியும் தேதியும் தீர்மானத்திலேயே இருக்கட்டும். முடியும் தேதி இல்லாத விலக்கை அடுத்துவரும் பொருளாளரால் திரும்பப் பெற முடியாது. பெற முயன்றால் அது பகையாகத்தான் முடியும்.

நிலுவைக்காகப் பெயரை நீக்கும் பிரிவு எழுதும்போது நான்கு விவரம் விடுபடக் கூடாது. எவ்வளவு கால நிலுவை, யார் அறிவிப்பு அனுப்புவது, எந்த முகவரிக்கு எந்த வழியில், அறிவிப்புக்குப் பின் எத்தனை நாள். ‘இரண்டு ஆண்டு நிலுவை வைத்தவர் உறுப்பினர் தகுதியை இழப்பார்’ என்று மட்டும் எழுதிய சங்கங்களில், தேர்தலுக்கு முந்தின வாரம் வாக்காளர் பட்டியலில் பாதிப் பெயர் காணாமல் போகும். அறிவிப்பு வராமல் நீக்கப்பட்டவர் நீதிமன்றம் போனால் தேர்தலே நின்றுவிடும். எழுத்து மூலமான அறிவிப்பு, 30 நாள் அவகாசம், செயற்குழுத் தீர்மானம், பிறகு நீக்கம் என்ற வரிசை பாதுகாப்பானது. தேர்தல் அறிவிப்புக்கு முந்தைய 60 நாளுக்குள் இந்தக் காரணத்துக்காக யாரையும் நீக்கக் கூடாது என்ற வரியையும் சேர்த்துவிட்டால் பாதிச் சண்டை குறையும்.

விலகுவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. ராயல் சொசைட்டியில் சேர்பவர் சாசனப் புத்தகத்தில் ஓர் உறுதிமொழியின் கீழ்க் கையெழுத்திடுகிறார். கழகத்தின் நன்மைக்கு உழைப்பேன் என்று சொல்லும் அந்த உறுதிமொழியிலேயே, விலக விரும்புவதாகத் தலைவருக்குக் கைப்பட எழுதித் தெரிவித்தால் அதன்பின் இந்தக் கடமையிலிருந்து விடுபடுவேன் என்ற வரியும் இருக்கிறது. நுழைவாயிலிலேயே வெளிவாயிலையும் காட்டிவிட்ட அழகான வரைவு அது. நம் பைலாக்கள் பலவற்றில் ராஜினாமா எப்போது செல்லுபடியாகிறது என்பது இல்லை. கடிதம் கிடைத்த நாளிலா, செயற்குழு ஏற்ற நாளிலா? அந்த இடைவெளியில் கடிதத்தைத் திரும்பப் பெறலாமா? இரண்டுக்கும் விடை எழுதிவையுங்கள்.

யாரைச் சேர்ப்பது

ராயல் சொசைட்டியின் விதிகளில் மிக அதிகம் மாறியதும் மிக நன்றாகப் பலித்ததும் சேர்க்கை விதிதான். ஆகவே இதைச் சற்று நின்று பார்க்கலாம்.

தொடக்கத்தில் ஓர் உறுப்பினர் முன்மொழிவார், இரகசிய வாக்கெடுப்பு நடக்கும், மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். பிரபுக்களுக்கு இந்தக் காத்திருப்பே கிடையாது. பாரன் பட்டத்துக்கும் அதற்கு மேலும் உள்ளவர்களை உடனுக்குடன் சேர்த்துக்கொள்ளலாம். இளம் கழகத்துக்குப் பணமும் பாதுகாப்பும் தேவைப்பட்ட காலம் அது.

1730இல் எழுத்துச் சான்றிதழ் வந்தது. மூன்று உறுப்பினர் கையெழுத்திட்ட தாளைக் கூட்ட அறையில் தொங்கவிட வேண்டும்; பத்துச் சாதாரணக் கூட்டங்கள் வரை அது தொங்கும்; பிறகே வாக்கெடுப்பு. அந்தத் தாளை யாரும் படிக்கலாம், ஆட்சேபம் இருந்தால் சொல்லலாம். முன்மொழிந்தவர் பெயரும் எல்லோர் கண்ணிலும் படும். தகுதியற்றவருக்காகக் கையெழுத்திட்டால் தன் மதிப்பும் போகும் என்ற கூச்சத்தை விதியாக்கிய வேலை இது.

ஆனாலும் ஒரு நூற்றாண்டில் அது தளர்ந்தது. மூன்று கையெழுத்து வாங்குவது எளிதாயிற்று. வேட்பாளர் ஒவ்வொருவரும் தனித்தனியே வாக்குக்கு வந்ததால், ‘இவரைச் சேர்க்கலாமா?’ என்ற கேள்விக்கு ‘வேண்டாம்’ என்று சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை. அறிவியலோடு தொடர்பே இல்லாத கனவான்கள் நிரம்பினார்கள். 1830இல் கணிதவியலாளர் சார்லஸ் பாபேஜ் கழகத்தின் நிலையை வெளிப்படையாகக் கண்டித்து எழுதினார்.

தீர்வு 1847இல் வந்தது. ஆறு கையெழுத்துகளாவது வேண்டும். அவற்றுள் மூன்று நேரடியாக அறிந்தவர்களுடையதாக இருக்க வேண்டும். தேர்தல் ஆண்டுக்கு ஒருமுறை மட்டும். ஆட்சிக்குழு எல்லா விண்ணப்பங்களையும் ஒன்றாக வைத்துப் பார்த்து 15 பேரைப் பரிந்துரைக்கும். தகுதி என்றால் என்ன என்பதற்கு யாரும் புதிய வரையறை எழுதவில்லை. எண்ணுக்கு வரம்பு போட்டு, எல்லோரையும் ஒரே நாளில் ஒப்பிட வைத்தார்கள், அவ்வளவுதான். கேள்வி ‘இவரைச் சேர்க்கலாமா?’ என்பதிலிருந்து ‘இத்தனை பேரில் எந்தப் பதினைந்து பேர்?’ என்று மாறிவிட்டது. பழைய உறுப்பினர் யாரையும் நீக்கவில்லை. காலப்போக்கில் கழகத்தின் உருவம் தானாக மாறியது. விதித் திருத்தத்தில் இவ்வளவு சிக்கனமாக இவ்வளவு பெரிய விளைவைக் கொண்டுவந்த வேலை வேறு எங்கும் எங்கள் கண்ணில் பட்டதில்லை.

அந்த 15 என்ற எண் 71 ஆண்டுகளுக்குப் பிறகும் நின்றது. 1918 மே 2 அன்று தேர்வான பதினைவருள் ஒருவர் சீனிவாச ராமானுஜன். அவருக்கான சான்றிதழில் கேம்பிரிட்ஜ் கணிதவியலாளர்கள் ஹார்டியும் லிட்டில்வுட்டும் கையெழுத்திட்டிருந்தார்கள். அந்தப் படிவத்தின் அமைப்பு கவனிக்கத் தக்கது. வேட்பாளரின் பெயர், தொழில், முகவரி, தகுதிக்கான காரணங்கள். அதன் கீழ் இரண்டு பகுதி: நேரடியாக அறிந்து கையெழுத்திட்டவர்கள் ஒருபுறம், அவருடைய பணியைப் பொதுவாக அறிந்து கையெழுத்திட்டவர்கள் மறுபுறம். எழுத்தர் வேலையில் இருந்து கப்பலேறி வந்த கும்பகோணத்துக்காரர் ஒருவருக்குப் பட்டமோ குடும்பப் பெயரோ துணை நிற்கவில்லை. நேரில் அறிந்தவர் சொல்லே போதுமானதாக இருந்தது. 15 என்ற எண் அதற்குப் பின் பலமுறை உயர்ந்திருக்கிறது. சேர்க்கையின் எலும்புக்கூடு 1847இல் போட்டதுதான்.

இதை அப்படியே எடுத்தாள விரும்பும் சங்கங்களுக்குச் சில குறிப்புகள். ஒருவர் ஓர் ஆண்டில் எத்தனை பேரை முன்மொழியலாம் என்று வரம்பு வேண்டும். இல்லாவிட்டால் ஒரே ஆள் கட்டுக்கட்டாகப் படிவம் கொண்டுவருவார். தேர்வாகாத சான்றிதழ் எத்தனை ஆண்டு உயிரோடிருக்கும் என்று எழுதுங்கள். மூன்று ஆண்டு என்பது பொருத்தம். செயற்குழுவில் இருப்பவர் முன்மொழிந்த பெயர் பரிசீலனைக்கு வரும்போது அவர் வெளியே போக வேண்டுமா என்பதை முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். அறிவிப்புப் பலகையில் 30 நாள் ஒட்டிய தேதியையும் எடுத்த தேதியையும் செயலாளர் கையெழுத்தோடு தாளின் பின்புறம் குறியுங்கள். நாளை ஆட்சேபம் வந்தால் அந்தக் குறிப்புத்தான் சாட்சி.

நாற்காலி

சாசனப்படி தலைவருக்கு ஆண்டுதோறும் தேர்தல். அப்படியிருந்தும் நியூட்டன் 1703 முதல் 1727இல் இறக்கும் வரை தலைவர். தாவரவியலாளர் ஜோசப் பேங்க்ஸ் 1778 முதல் 1820இல் இறக்கும் வரை, 41 ஆண்டு. ‘ஆண்டுதோறும் தேர்தல் வைக்கிறோமே, பதவிக்கால வரம்பு எதற்கு?’ என்று கேட்பவர்களுக்குக் காட்ட வேண்டிய எண் இந்த 41.

பேங்க்ஸ் காலத்தில் நடந்த ஒன்று விதி எழுதுபவர்கள் அனைவரும் அறிந்திருக்க வேண்டியது. 1783இல் வெளிநாட்டுக் கடிதப் போக்குவரத்துக்கான செயலாளராகச் சார்லஸ் ஹட்டன் என்ற கணிதப் பேராசிரியர் இருந்தார். வேலை அன்றைய லண்டனுக்கு வெளியே, வூல்விச்சில். அந்தச் செயலாளர் லண்டனிலேயே வசிக்க வேண்டும் என்று ஆட்சிக்குழு ஒரு தீர்மானம் போட்டது. ஹட்டன் விலகினார். 1784இல் கழகம் இரண்டாகப் பிளந்து சண்டையிட்டது. ‘செயலாளர் ஊரில் இருக்க வேண்டும்’ என்பது படிக்க நியாயமான விதி. ஒரே ஒருவரை மட்டும் தொடும்படி, உடனே நடைமுறைக்கு வரும்படி எழுதியதுதான் பிழை.

வரைவு உங்கள் மேசைக்கு வரும்போது இந்த மூன்றையும் சோதியுங்கள்: இன்று இந்த நிபந்தனை எத்தனை பேரைப் பாதிக்கிறது? எப்போது அமலுக்கு வருகிறது? காரணம் கூட்டக் குறிப்பில் எழுதப்பட்டிருக்கிறதா? பாதிக்கப்படுபவர் ஒருவரே என்றால், விதி நல்லதானாலும் அடுத்த தேர்தலிலிருந்து அமல் என்று தள்ளிவையுங்கள்.

1830இல் தலைவர் தேர்தலில் மன்னரின் சகோதரர் சஸெக்ஸ் கோமகனும் வானியலாளர் ஜான் ஹெர்ஷலும் மோதினார்கள். கோமகனுக்கு 119, ஹெர்ஷலுக்கு 111. எட்டு வாக்கில் அரச குடும்பம் வென்றது. தோற்ற தரப்பு கலைந்து போகவில்லை. 17 ஆண்டு கழித்து வந்த சேர்க்கைச் சீர்திருத்தத்தில் அந்த மனநிலை பலித்தது. பதவிக்காலமும் மெல்ல ஒழுங்குக்கு வந்தது. ஸ்டோக்ஸ் 1885–1890, கெல்வின் 1890–1895, லிஸ்டர் 1895–1900 என்று ஐந்தாண்டு வழக்கம் வேரூன்றியது. சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன் 2015 முதல் 2020 வரை தலைவராக இருந்ததும் அதே ஐந்தாண்டு.

அங்கே வழக்கமாக வளர்ந்ததை நாம் பைலாவில் எழுதியே ஆக வேண்டும். எழுதும்போது ‘ஒருவர் இரு முறை மட்டுமே’ என்று நிறுத்தாதீர்கள். தொடர்ச்சியாக இரு முறையா, வாழ்நாளில் இரு முறையா? இடையில் காலியான பதவியை எட்டு மாதம் நிரப்பியவருக்கு அது ஒரு முறையாகக் கணக்காகுமா? செயலாளராக இரு முறை இருந்தவர் தலைவராகலாமா? திருத்தத்துக்கு முன் இருந்த காலமும் சேருமா? நான்கில் ஒன்றை விட்டாலும் தேர்தல் அதிகாரி தலையில் அது விழும்.

21இல் 10 பேர் மாறுவது என்ற ஏற்பாட்டையும் விட்டுவிட வேண்டாம். 11 பேர் தங்குவதால் கணக்கு, வழக்கு, வங்கி நடைமுறை தெரிந்தவர்கள் எப்போதும் பெரும்பான்மை. முழுச் செயற்குழுவும் ஒரே நாளில் மாறும் சங்கங்களில் பீரோச் சாவி முதல் வங்கிக் கையெழுத்து வரை ஒப்படைப்பிலேயே ஆறு மாதம் ஓடிவிடும்.

இதழ் யாருடையது

சிறிய விஷயமாகத் தோன்றும், சொத்துத் தகராறாக வளரும். கழகத்தின் புகழ்பெற்ற ஆய்விதழை 1665 மார்ச்சில் தொடங்கியவர் அதன் செயலாளர் ஹென்றி ஓல்டன்பர்க். தொடங்கியது தன் சொந்தப் பொறுப்பில். உலகம் அதைக் கழகத்தின் குரலாகவே எண்ணியது. இதழில் வந்த பலவீனமான கட்டுரைகளுக்கான ஏச்சும் கழகத்துக்கே வந்தது. 1752இல்தான் கழகம் இதழை முறைப்படி தன் கையில் எடுத்து, கட்டுரைகளை வாக்கெடுத்து ஏற்கும் குழுவை அமைத்தது. ஒரு கழகமாக எந்தப் பொருளிலும் நாங்கள் கருத்துரைப்பதில்லை என்ற அறிவிப்பும் இதழில் இடம்பெற்றது. 87 ஆண்டு தாமதம். உங்கள் சங்கத்தின் இணையதளப் பெயர், யூடியூப் அலைவரிசை, வாட்ஸ்அப் குழு யார் பெயரில் இருக்கின்றன என்று இன்றே பாருங்கள். ‘சங்கத்தின் பெயரில் இயங்கும் எல்லா வெளியீடும் கணக்கும் சங்கத்தின் சொத்து, பொறுப்பாளர் மாறிய 7 நாளுக்குள் கடவுச்சொல் ஒப்படைக்கப்பட வேண்டும்’ என்ற ஒரு பிரிவு போதும்.

விதியில் இல்லாத தடை

1902இல் ஹெர்த்தா ஏர்ட்டன் என்ற இயற்பியலாளரின் பெயர் உறுப்பினர் பதவிக்கு முன்மொழியப்பட்டது. பெண்கள் கூடாது என்று சாசனத்தில் எங்கும் இல்லை. கழகம் வழக்குரைஞரிடம் கருத்துக் கேட்டது. அன்றைய சட்டத்தில் மணமான பெண்ணுக்குத் தனி ஆள் என்ற நிலை இல்லாததால் அவரைத் தேர்ந்தெடுக்க முடியாது என்று பதில் வந்தது. அவர் 1904இல் அந்தக் கழகத்திலேயே தம் கட்டுரையைத் தாமே வாசித்தார், 1906இல் அதன் ஹியூஸ் பதக்கத்தையும் பெற்றார். உறுப்பினராக மட்டும் ஆகவே இல்லை.

1919இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம், பாலினத்தையோ திருமணத்தையோ காரணம் காட்டிச் சாசனம் பெற்ற சங்கங்களில் சேர்க்கை மறுக்கக் கூடாது என்று சட்டம் இயற்றியது. தடை போய்விட்டது. ஆனால் அடுத்த கால் நூற்றாண்டில் ஒரு பெண்ணும் தேர்வாகவில்லை. 1944இல் பெண்களுக்கும் இடம் உண்டு என்று விதியில் வெளிப்படையாகச் சேர்ப்பது பற்றி உறுப்பினர்கள் வாக்களித்தார்கள்: ஆதரவு 336, எதிர்ப்பு 37. 1945இல் கேத்லீன் லான்ஸ்டேலும் மார்ஜரி ஸ்டீபன்சனும் தேர்வானார்கள். சட்டம் மாறி 26 ஆண்டு கழித்து. மௌனமாக இருக்கும் விதியைப் பழைய வழக்கமே நிரப்பிக்கொள்ளும் என்பதால், திறந்துவிட நினைக்கும் வாசலைப் பெயர் சொல்லி எழுதியாக வேண்டும். நம் பைலாக்களில் ‘அவன்’, ‘புதல்வர்’, ‘குடும்பத் தலைவர்’ என்று கிடக்கும் சொற்களை இந்தக் கண்ணோடு ஒருமுறை தேடிப் பாருங்கள்.

அதே லண்டனில் ராயல் புவியியல் கழகம் வேறு விதமாகச் சிக்கியது. அதன் ஆட்சிக்குழு 1892இல் பெண்களைச் சேர்க்கத் தொடங்கியது. 22 பேர் சேர்ந்த நிலையில், 1893இல் கூடிய உறுப்பினர் கூட்டம் அதை மறுத்தது. சேர்ந்தவர்கள் தொடர்ந்தார்கள், புதியவர்களுக்குக் கதவு 1913 வரை மூடியிருந்தது. கீழ் அடுக்கில் செயற்குழு தானே முடிவெடுக்கும் அதிகாரம் இருந்தாலும், சேர்க்கையின் அடிப்படையை மாற்றுவதைப் பொதுக்குழுவுக்கு முதலிலேயே கொண்டுபோயிருக்க வேண்டும். இயற்கை வரலாற்றுக்கான லின்னேயன் கழகம் 1904இல் துணைச் சாசனமே வாங்கிக்கொண்டு பெண்களைச் சேர்த்தது. நேரம் பிடித்த வழி, ஆனால் பின்னால் யாரும் அவிழ்க்க முடியாத முடிச்சு.

மேசையில் நடக்கும் வேலை

வரைவை மூன்று பத்தியாக எழுதுங்கள்: இப்போதைய பிரிவு, முன்மொழியும் பிரிவு, காரணம். காரணப் பத்தியை வெறுமையாக விடாதீர்கள். இருபது ஆண்டு கழித்து அந்தப் பிரிவின் பொருள் பற்றித் தகராறு வந்தால் அதுதான் வழிகாட்டும். ஒரு சொல்லை மாற்றினால், பைலா முழுவதும் அந்தச் சொல் வரும் இடங்களையெல்லாம் தேடிப் பட்டியலிடுங்கள். ‘துணைத்தலைவர்’ பதவியை 9ஆம் பிரிவில் எடுத்துவிட்டு, தலைவர் இல்லாதபோது கூட்டம் நடத்துபவர் துணைத்தலைவர் என்று 17ஆம் பிரிவில் விட்டுவிடுவது சர்வ சாதாரணமாக நடக்கும் பிழை.

பெரும்பான்மையைக் கணக்கிடும் அடிப்படையைத் தெளிவாக எழுதுங்கள். ‘முக்கால் பங்கு’ என்றால் எதில்? மொத்த உறுப்பினரிலா, வந்தவரிலா, வாக்களித்தவரிலா? 1944இன் எண்ணிக்கையை எடுத்துக்கொள்ளுங்கள். வாக்களித்தவர் 373. முக்கால் பங்கு 279.75, அதாவது 280 வேண்டும். 336 தாராளமாகத் தாண்டுகிறது. 1830இன் 119ஐ எடுத்தால், மொத்தம் 230இல் முக்கால் பங்கு 172.5, அதாவது 173, மிகத் தொலைவு. அறையில் உட்கார்ந்து வாக்களிக்காமல் இருப்பவரை ‘வந்தவர்’ கணக்கில் சேர்த்தால் அவருடைய மௌனம் எதிர்ப்பு வாக்காகிவிடும். பின்னம் வந்தால் மேல் எண்ணுக்கு ஏற்ற வேண்டும் என்பதையும் எழுதிவிடுங்கள்.

கூட்ட அறிவிப்போடு திருத்தத்தின் முழு வாசகமும் போக வேண்டும். ‘பைலா திருத்தம் குறித்து விவாதித்தல்’ என்ற ஒற்றை வரி அஜெண்டாவை நம்பி நிறைவேற்றிய தீர்மானம் எளிதில் உடையும். கூட்டத்தில் எழும் திருத்தத்துக்கான திருத்தம், அறிவிப்பில் சொன்னதைச் சுருக்கலாம், தெளிவாக்கலாம், விரிக்கக் கூடாது. சந்தா 200 என்று அறிவித்திருந்தால் 150 ஆக்கலாம். 300 ஆக்கினால் அது புதிய முன்மொழிவு, புதிய அறிவிப்பு தேவை.

பிரிவு எண்களை மாற்றாதீர்கள். 12க்கும் 13க்கும் நடுவில் புதியது வந்தால் 12அ. நீக்கிய பிரிவின் எண்ணை வெறுமையாக விட்டு ‘நீக்கப்பட்டது’ என்றும் தேதியும் எழுதுங்கள். இல்லாவிட்டால் பழைய தீர்மானங்களில் இருக்கும் ‘13ஆம் பிரிவின்படி’ என்ற ஒவ்வொரு குறிப்பும் தவறான இடத்தைக் காட்டும். பதிவாளரின் முத்திரை வந்ததும், எல்லாத் திருத்தமும் சேர்ந்த ஒருங்கிணைந்த பைலாவைத் தட்டச்சு செய்து, எந்தத் தேதி வரை திருத்தியது என்று முதல் பக்கத்தில் குறித்து, தலைவரும் செயலாளரும் ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்திட வேண்டும்.

பழைய பதிப்பையும் அதே கோப்பில் கட்டி வையுங்கள். 2009இல் நடந்த தேர்தல் செல்லுமா, அந்த ஆண்டு விற்ற மனைக்குக் கையெழுத்திட்டவருக்கு அதிகாரம் இருந்ததா என்ற கேள்வி 2030இல் வந்தால், விடை 2009இல் அமலில் இருந்த தாளில்தான் இருக்கும்.